கரு திரும்பத் திரும்பக் கலைவது ஏன்? எதிர்ப்பு சக்தி பற்றித் தெரிந்துகொள்வோம்



போன வருஷம் ஒரு பஞ்சாயத்துக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களைப் படித்துக்கொண்டிருந்தோம். கறவை மாடு, தையல் மெஷின், பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் என்று எல்லாம் வழக்கமானவைதான். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. "வைத்தியச் செலவு, ரூ.80,000" என்று எழுதியிருந்தது.

அந்த உறுப்பினருக்கு 27 வயது. கல்யாணமாகி ஆறு வருஷம். மூன்று முறை மாசமாகி மூன்று முறையும் கரு தங்கவில்லை. முதல் இரண்டு தடவை இரண்டாம் மாதத்திலேயே போய்விட்டது. மூன்றாவது தடவை ஸ்கேனில் இதயத் துடிப்பைப் பார்த்து, வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்ட பிறகு நாலாம் மாதத்தில் போய்விட்டது. டவுனில் ஒரு தனியார் இடத்தில், "உங்க உடம்பு எதிர்ப்பு சக்தியே குழந்தையை வெளியே தள்ளுது. வீட்டுக்காரர் ரத்தத்துல இருந்து செல் எடுத்து உங்களுக்கு ஊசி போடணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். தாலிச் செயினை ஏற்கெனவே அடகு வைத்தாயிற்று. மீதிப் பணத்துக்குத்தான் இந்த விண்ணப்பம்.

கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "எதிர்ப்பு சக்தின்னா நல்லதுதானே? அது போய் புள்ளையைத் தள்ளுமா?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் படித்தது சமூகப்பணி, வைத்தியம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு டாக்டரிடமும் போய் உட்கார்ந்து கேட்டோம். கேட்டதையும் படித்ததையும் இங்கே எழுதுகிறோம். நம் குழுக்களில் இந்த வேதனையை வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் பெண்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

முதலில் ஒரு விஷயம்

கரு கலைவது அபூர்வம் இல்லை. உறுதியான 100 கர்ப்பங்களில் 10 முதல் 15 வரை தானாகக் கலைந்துவிடுகின்றன. அதில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில் நடப்பவை. ஒரு முறை கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த முறை நல்லபடியாகவே குழந்தை பிறக்கிறது. தொடர்ந்து மூன்று முறை கலைவதுதான் குறைவு. 100 தம்பதிகளில் ஒருவருக்கு அப்படி ஆகிறது.

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. அப்பாவின் விந்தும் அம்மாவின் முட்டையும் சேரும்போது கணக்கு தப்பி ஒன்று கூடவோ குறையவோ வந்துவிடும். அந்தக் கரு வளர வழியில்லாமல் நின்றுவிடும். குடம் தூக்கியதாலோ, வண்டியில் போனதாலோ, ராசியாலோ இப்படி ஆவதில்லை. பெண்ணின் வயது 35-ஐத் தாண்டினால் இது நடக்க வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பப்பையின் அமைப்பில் குறை, தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, புகைப் பழக்கம் இவையும் காரணமாகலாம். இந்தக் காரணங்களின் வரிசையில் ஒன்றுதான் எதிர்ப்பு சக்தி.

எதிர்ப்பு சக்தி ஏன் குழந்தையைத் தள்ளுவதில்லை?

நம் உடம்பில் காவல் வேலை பார்க்கும் செல்கள் இருக்கின்றன. ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள்தான் அவை. கிருமி வந்தால் பிடிக்கும். வேறொருவர் தோலையோ சிறுநீரகத்தையோ வைத்தாலும் "இது நம்ம ஆள் இல்லை" என்று எதிர்க்கும்.

வயிற்றில் வளரும் குழந்தையும் பாதி அப்பாவுடையதுதானே? அப்படியானால் காவல்காரன் அதை ஏன் விட்டுவைக்கிறான்? இந்தக் கேள்வியை 1953-லேயே எழுப்பியவர் பீட்டர் மெடாவர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. எதிர்ப்பு சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1960-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் எழுப்பிய கேள்விக்குப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் கண்டுபிடித்தார்கள்.

வீட்டு நாயைப் பாருங்கள். தெருவில் போகும் புது ஆளைப் பார்த்தால் குரைக்கும். ஆனால் வீட்டுக்கு வந்த மருமகளிடம் நாலு நாளில் பழகிவிடும், அவளுக்கும் சேர்த்துக் காவல் இருக்கும். கர்ப்பத்திலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. நஞ்சு என்று நாம் சொல்கிறோமே, அது குழந்தையின் பக்கத்திலிருந்து வளர்ந்து கர்ப்பப்பையில் வேர் விடுவது. அம்மாவின் உடம்பைத் தொடும் அதன் வெளிச் செல்கள், மற்ற செல்களைப் போல எல்லா அடையாளத்தையும் வெளியே காட்டாது. "சண்டை வேண்டாம்" என்று சொல்வது போன்ற தனி அடையாளத்தைக் காட்டும். அம்மாவின் ரத்தத்திலும் சண்டையை அடக்கி வைக்கும் செல்கள் அந்தச் சமயத்தில் கூடி வேலை செய்யும்.

இதில் இன்னொன்றும் உண்டு. கர்ப்பப்பையின் உள்சுவரில் 'இயற்கைக் கொல்லி செல்' என்ற வகைச் செல்கள் நிறைய இருக்கின்றன. பேரைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அங்கே அவை கொல்லும் வேலை பார்ப்பதில்லை. நஞ்சுக்கு ரத்தம் தாராளமாக வரும்படி அம்மாவின் ரத்தக் குழாய்களை அகலப்படுத்த உதவுகின்றன. ஆக, எதிர்ப்பு சக்தி கர்ப்பத்துக்கு எதிரி இல்லை. அது உதவி செய்தால்தான் குழந்தைக்கு உணவே சரியாகப் போகும்.

எப்போது தப்பாகப் போகிறது?

சில பெண்களுக்குக் காவல்காரன் ஆள் தெரியாமல் சொந்த வீட்டையே தாக்குவான். இதில் நன்றாக ஆராய்ந்து, மருந்தும் கண்டுபிடித்த நோய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஆன்டிபாஸ்போலிபிட் சின்ட்ரோம். டாக்டர்கள் சுருக்கமாக ஏ.பி.எஸ். என்பார்கள். 1983-ல் லண்டனில் டாக்டர் கிரஹாம் ஹியூஸ் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைத் தெளிவாக விவரித்தார்கள்.

இந்த நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் தேவையில்லாத எதிர்ப்புப் பொருட்கள் ஊறுகின்றன. அவை நஞ்சின் செல்கள் மேல் போய் ஒட்டிக்கொண்டு அதை வேர் விடாமல் தடுக்கும், வீக்கத்தை உண்டாக்கும், ரத்தத்தையும் சீக்கிரம் உறைய வைக்கும். வாய்க்காலில் வண்டல் படிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது இல்லையா? அதே மாதிரி குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைந்து, வளர்ச்சி நின்றுவிடும்.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "எதிர்ப்பு சக்தி கம்மி, அதான் கரு தங்கலை" என்று சொல்லி டானிக், சத்து மாவு விற்கிறார்கள். இது சக்தி குறைவதால் வரும் நோய் இல்லை, ஆள் மாறித் தாக்குவதால் வருவது. சத்தான சாப்பாடு எல்லாக் கர்ப்பிணிக்கும் வேண்டும். ஆனால் டானிக்கால் இந்த நோய் தீராது.

திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண்கள் 100 பேரைப் பரிசோதித்தால் சுமார் 15 பேருக்கு இந்த எதிர்ப்புப் பொருட்கள் இருக்கும் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அதாவது எல்லோருக்கும் இது இல்லை. இருக்கிறவர்களுக்குக் கண்டுபிடித்தால் மருந்து உண்டு.

யார் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

இரண்டு முறையோ அதற்கு மேலோ கரு கலைந்திருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். பத்து வாரம் தாண்டி நன்றாக வளர்ந்த குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தால், அது ஒரே ஒரு முறை என்றாலும் கேளுங்கள். கடுமையான ரத்தக் கொதிப்பாலோ நஞ்சு சரியாக வேலை செய்யாததாலோ எட்டு மாதம் ஆகும் முன்பே பிரசவம் ஆனவர்களும் கேட்க வேண்டும். சின்ன வயதிலேயே காலில் ரத்தம் உறைந்து வீங்கியவர்களும், பக்கவாதம் வந்தவர்களும் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பரிசோதனை என்பது ரத்தம் எடுப்பதுதான். அதில் மூன்றைப் பார்ப்பார்கள்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டி கார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன். வாயில் நுழையாத பெயர்கள்தான். இந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துப் போய்க் காட்டினால் போதும்.

முக்கியமாக ஒன்று. ஒரு தடவை பார்த்து 'இருக்கிறது' என்று வந்தால் அதோடு முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல், தொற்று வந்தபோதும் இந்தப் பொருட்கள் கொஞ்ச நாள் ரத்தத்தில் தெரிந்துவிட்டு மறைந்துவிடும். அதனால் குறைந்தது 12 வாரம் கழித்து இரண்டாவது முறை பார்க்க வேண்டும். இரண்டு முறையும் இருந்தால்தான் ஏ.பி.எஸ். என்பது உறுதி.

மருந்து என்ன?

சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரை, கூடவே ஹெப்பாரின் ஊசி. இரண்டும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்பவை. ஊசியை வயிற்றுத் தோலுக்கு அடியில் தினமும் போட வேண்டும். நர்ஸ் சொல்லிக்கொடுத்தால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். ஹெப்பாரின் நஞ்சைத் தாண்டிக் குழந்தையின் உடம்புக்குள் போவதில்லை.

இதனால் பலன் உண்டா? லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் இந்த நோய் உள்ள 90 பெண்களை இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1997-ல் முடிவு வெளியானது. ஆஸ்பிரின் மட்டும் போட்ட 45 பேரில் 19 பேருக்கு உயிருடன் குழந்தை பிறந்தது. ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் போட்ட 45 பேரில் 32 பேருக்குப் பிறந்தது. பெரிய வித்தியாசம்தானே!

ஆனால் "எனக்கும் கலைஞ்சது, நானும் ஆஸ்பிரின் போட்டுக்கறேன்" என்று யாரும் கடையில் வாங்கிவிடாதீர்கள். காரணம் தெரியாமல் கரு கலைந்த பெண்களுக்கு இதே மருந்துகளைக் கொடுத்து நெதர்லாந்தில் பார்த்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில் பலன் எதுவும் இல்லை. ரத்தக் கசிவு ஆபத்தும் உண்டு. டாக்டர் சொன்னால் மட்டும்தான்.

ஏ.பி.எஸ். உறுதியானவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மாலா-என், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரைகள் ரத்த உறைவு ஆபத்தைக் கூட்டும். அவர்களுக்கு அது கூடாது. வேறு முறை எது சரி என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரசவம் முடிந்ததும் ஊசியை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் உறைவு ஆபத்து இருக்கிறது.

கணவர் ரத்த ஊசி பற்றி

இப்போது நம் உறுப்பினரின் 80,000 ரூபாய்க்கு வருவோம். கணவரின் வெள்ளை அணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போட்டால், அவள் உடம்பு அவற்றுக்குப் பழகிக் குழந்தையையும் ஏற்றுக்கொள்ளும் என்று 1980-களில் சில டாக்டர்கள் நம்பினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் சரியாகச் சோதித்துப் பார்த்தார்கள். 183 பெண்கள் கலந்துகொண்ட பெரிய ஆய்வின் முடிவு 1999-ல் வெளியானது. பாதிப் பேருக்குக் கணவரின் அணுக்கள், மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். ஊசி போட்டவர்களில் 100-க்கு 36 பேருக்குக் குழந்தை தங்கியது. உப்பு நீர் போட்டவர்களில் 100-க்கு 48 பேருக்குத் தங்கியது. ஊசியால் நன்மை இல்லை என்பதோடு, போட்டவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது. இதற்குப் பிறகு, ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்காமல் இந்த ஊசியைப் போடக் கூடாது என்று 2002-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது.

ரத்தத்தில் 'கொல்லி செல்' எத்தனை என்று பார்க்கும் விலை உயர்ந்த டெஸ்டும் இப்படித்தான். கையில் எடுக்கும் ரத்தத்தின் கணக்கு கர்ப்பப்பைக்குள் நடப்பதைச் சொல்லாது. இந்த டெஸ்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரை, கொழுப்புச் சத்து டிரிப், இம்யூனோகுளோபுலின் ஊசி என்று எழுதித் தருவதும் உண்டு. எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு இவற்றுக்கு ஆதாரம் இல்லை. அடகு வைத்தும் கடன் வாங்கியும் செய்ய வேண்டிய வைத்தியம் இது இல்லை.

நெகட்டிவ் ரத்தம் வேறு விஷயம்

"எனக்கு நெகட்டிவ் குரூப், அதனாலயா?" என்று பலர் கேட்கிறீர்கள். இதுவும் எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்டதுதான், ஆனால் வேறு. அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தில் ரத்தம் கலந்து அம்மாவின் உடம்பில் எதிர்ப்பு உண்டாகும். அது அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாக்கும். பெரும்பாலும் பிந்தைய மாதங்களில்தான் இதன் கெடுதல் தெரியும். இரண்டாம் மாதத்தில் திரும்பத் திரும்பக் கலைவதற்கு இது காரணம் ஆவதில்லை. ஆன்டி-டி ஊசி 1968 முதல் இருக்கிறது. பிரசவமாகிக் குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நெகட்டிவ் குரூப் உள்ளவர்கள் கரு கலைந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி தேவையா என்று கேட்க வேண்டும்.

காரணமே தெரியவில்லை என்றால்?

எல்லா டெஸ்டும் எடுத்த பிறகும் பாதிக்குப் பாதிப் பேருக்குக் காரணம் கிடைப்பதில்லை. "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, இனி எனக்கு வழியே இல்லை" என்று மனசு உடைந்துவிடும். அப்படி நினைக்க வேண்டாம். 2015-ல் வெளியான ஆய்வில், காரணம் தெரியாமல் பலமுறை கரு கலைந்த 836 பெண்கள் மறுபடி கர்ப்பமானபோது கவனித்தார்கள். பாதிப் பேருக்குப் புரோஜெஸ்டிரோன் மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை வைத்தவர்களிலேயே 100-க்கு 63 பேருக்குக் குழந்தை பிறந்தது. மருந்து வைத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆனால் முன்பு கரு கலைந்து, இந்த முறை ஆரம்ப மாதங்களில் ரத்தம் பட்டால், அந்த மருந்து உதவலாம் என்று 2019-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அதனால் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மாசக் கணக்கில் படுக்கையிலேயே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

குழுவில் நாம் செய்யக்கூடியவை

1. கரு கலைந்த உறுப்பினரை "ராசியில்லாதவ" என்று யாரும் பேச விடாதீர்கள். வளைகாப்புக்கும் பேர் வைக்கிற விசேஷத்துக்கும் அவரை ஒதுக்காதீர்கள்.

2. எந்த மாதம், எத்தனை வாரம், ஸ்கேனில் துடிப்பு தெரிந்ததா என்று ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடக் கூடாது. டாக்டருக்கு இதுதான் பெரிய உதவி.

3. வீட்டுக்காரரையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். குரோமோசோம் கோளாறு அவர் பக்கத்திலிருந்தும் வரலாம்.

4. நாள் தள்ளிப்போன உடனே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, முன்பு கரு கலைந்ததைச் சொல்ல வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போட வேண்டும்.

5. அதிக ரத்தப்போக்கு, கடுமையான வயிற்று வலி, மயக்கம், காய்ச்சல் இருந்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

6. பெரிய வைத்தியக் கடன் விண்ணப்பம் வந்தால் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வைத்தியத்தைப் பத்தி அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டாச்சா?"

அந்த உறுப்பினர் என்ன ஆனார்?

அன்று குழு அந்தக் கடனை மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. "முதல்ல டெஸ்ட் பாத்துட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்று போக்குவரத்துச் செலவுக்கு உள்கடனிலிருந்து 3,000 ரூபாய் கொடுத்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தம் பார்த்தார்கள். இருக்கிறது என்று வந்தது. 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் இருந்தது. ஆறு வருஷமாகத் தன் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தவர், நோயின் பெயரைக் கேட்டு அழுதுவிட்டார். "அப்ப நான் ஒண்ணும் பண்ணலை இல்ல?" என்றுதான் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

இப்போது அவருக்கு ஏழாம் மாதம். தினமும் ஊசி போட்டுக்கொள்கிறார். "என் வீட்டுக்கு வந்த நேரம் சரியில்லை" என்று முன்பு சொன்ன மாமியார்தான் ஊசி போட்ட நாட்களைக் காலண்டரில் கோடு போட்டுக் கணக்கு வைக்கிறார். நல்லபடியாக முடியும் என்று எல்லோரும் நம்புகிறோம். 100-க்கு 100 என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், நாங்களும் சொல்லவில்லை. ஆனால் சரியான காரணத்துக்குச் சரியான வைத்தியம் நடக்கிறது. அடகு வைத்த தாலிச் செயினையும் போன மாதம் மீட்டுவிட்டார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கும்போது யாராவது ஒருவர் தலையைக் குனிந்துகொண்டால், கூட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பேச வேண்டியதை அவரே பேசுவார்.